கையெழுத்துக்கு முன் கேளுங்கள்
வாசகர் கேள்வி–பதில்: மருத்துவக் கருவித் துறையில் வேலை ஆஃபர்

மருத்துவக் கருவி நிறுவனங்களில் வேலை கிடைத்த பொறியாளர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். பெரும்பாலானவை "எவ்வளவு கேட்கலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தத் துறையில் ஒரு பொறியாளருக்கு வர வேண்டிய பணத்தில் ஒரு பகுதி, அவர் கையில் இல்லாத தேதிகளோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது: அரசு அனுமதி வரும் தேதி, ஆடிட் முடியும் தேதி, மருத்துவப் பரிசோதனையில் கடைசி நோயாளி சேரும் தேதி. அந்த முடிச்சைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறோம். சம்பள அளவு இடத்துக்கு இடம் மாறும் என்பதால், எல்லாக் கணக்கிலும் உங்கள் இப்போதைய வருடச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரெக்ரூட்டர் போனில் சம்பளத்தைச் சொல்லிவிட்டு, "ஓகேவா? இப்போதே சொன்னால் லெட்டர் அனுப்பிவிடுகிறேன்" என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர், 5 வருட அனுபவம்

பதில்: கைநழுவாது. ஒரு பொறியாளரைத் தேடி, நான்கைந்து பேர் உட்கார்ந்து நேர்காணல் நடத்தி, மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அந்த போன் வருகிறது. "மகிழ்ச்சி. முழு விவரத்தையும் எழுத்தில் அனுப்புங்கள், மூன்று வேலை நாளில் பதில் சொல்கிறேன்" என்பது எந்த நிறுவனத்திலும் சாதாரணமாகக் கேட்கிற பேச்சு. போனில் ஒரு எண்ணுக்கு "சரி" என்று சொல்லிவிட்டால், பிறகு லெட்டரில் போனஸ் விதியைப் பார்த்துத் திடுக்கிட்டாலும் மறுபடி பேச்சைத் தொடங்குவது கஷ்டம்.

லெட்டர் வந்ததும் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: அடிப்படைச் சம்பளம், பதவியின் கிரேடு, போனஸ் சதவீதமும் அது எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதும், ஜாயினிங் போனஸ், பங்குகள், விடுமுறை நாட்கள், நோட்டீஸ் பீரியட், பயண எதிர்பார்ப்பு. கிரேடைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒவ்வொரு கிரேடுக்கும் சம்பளத்தில் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை உண்டு. "இந்தக் கிரேடின் எல்லைகள் என்ன, அதில் நான் எங்கே நிற்கிறேன்?" என்று நேராகக் கேளுங்கள். மேல் எல்லையை ஒட்டி உங்களை வைத்திருந்தால் இன்று கூட்டிக் கேட்க இடம் குறைவு. அடுத்த வருட உயர்வும் சுருங்கிவிடும். அப்போது பணத்தை விட்டுவிட்டு அடுத்த கிரேடைக் கேட்பதுதான் புத்தி. கீழ் எல்லையை ஒட்டி இருந்தால் தயங்காமல் அடிப்படைச் சம்பளத்தையே கேளுங்கள். ஒவ்வொரு வருட உயர்வும் போனஸும் அதன் மேல்தான் ஏறும்.

கேட்பதை ஒரே தடவையில், ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். இன்று சம்பளம், நாளை விடுமுறை, மறுநாள் வீட்டிலிருந்து வேலை என்று தவணை முறையில் கேட்டால், எச்.ஆர். ஒவ்வொரு முறையும் மேனேஜரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். மூன்றாவது தடவை அவருக்கே சலித்துவிடும். ஒரு மாதிரி:

"ஆஃபருக்கு நன்றி. இந்தக் குழுவில் சேர விரும்புகிறேன். இரண்டு விஷயங்கள் சரியானால் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவேன். ஒன்று, அடிப்படைச் சம்பளம் 118 என்று இருக்கிறது, 128 கேட்கிறேன். ஐ.இ.சி. 60601-1 மின் பாதுகாப்புச் சோதனையையும் ரிஸ்க் ஃபைலையும் பொறுப்பேற்று முடித்திருக்கிறேன். நேர்காணலில் நீங்கள் சொன்ன இரண்டு பிராஜெக்ட்டுக்கும் முதல் மாதமே தேவைப்படுவது அதுதான். இரண்டு, இன்னும் நான்கு மாதத்தில் இங்கே எனக்கு வர வேண்டிய 9 போனஸை விட்டுவிட்டு வருகிறேன். அதை ஜாயினிங் போனஸாக ஈடுசெய்ய முடியுமா?"

இதில் எண் இருக்கிறது, காரணம் இருக்கிறது, எப்போது கையெழுத்திடுவீர்கள் என்பதும் இருக்கிறது. வீட்டு வாடகை, கடன், குழந்தையின் பள்ளிக் கட்டணம் எதையும் எழுத வேண்டாம். அவை உங்களுக்கு எவ்வளவு பெரிய நிஜமாக இருந்தாலும், மேனேஜர் தன் மேலதிகாரியிடம் எடுத்துக்காட்ட உதவாது. அவருக்கு உதவுவது "இவர் வந்தால் வெளியே கொடுக்கிற சோதனை ஆலோசகரை நிறுத்திவிடலாம்" என்பது போன்ற வரி.

கேள்வி: கார் உதிரி பாகத் துறையில் 8 வருடம் இருந்துவிட்டு மருத்துவக் கருவிக்கு மாறுகிறேன். "உங்களுக்கு ரெகுலேட்டரி அனுபவம் இல்லை" என்று ஒரு கிரேடு கீழே இறக்கி ஆஃபர் தந்திருக்கிறார்கள். எப்படி வாதாடுவது?
– டிசைன் பொறியாளர்

பதில்: வாதாட வேண்டாம்; மொழிபெயர்த்துக் காட்டுங்கள். நீங்கள் செய்த வேலையில் பாதிக்கு மேல் அவர்களிடமும் இருக்கிறது. பெயர்தான் வேறு.

கார் மின்னணுப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 26262 செய்திருந்தால், மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐ.இ.சி. 62304 புரிய அதிக நாள் ஆகாது. உற்பத்தி முறைக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வாங்கும் பி.பி.ஏ.பி. ஆவணம் தயாரித்தவருக்கு ஐ.கியூ., ஓ.கியூ., பி.கியூ. (இயந்திரம் சரியாக நிறுவப்பட்டதா, இயங்குகிறதா, தொடர்ந்து நல்ல பொருளைத் தருகிறதா) என்ற மூன்று கட்ட வேலிடேஷன் அந்நியமாக இருக்காது. ஆனால் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிவிடாதீர்கள். எதிரே இருப்பவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் அந்த ஒரு வாக்கியத்திலேயே உங்கள் கிரேடு இறங்கிவிடும். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று இரண்டையும் சொல்கிறவருக்குத்தான் மதிப்பு.

உதாரணத்துக்கு, பழுதுகளைப் பட்டியல் போட்டு ஆராயும் எஃப்.எம்.இ.ஏ.வை எடுத்துக்கொள்ளுங்கள். அது "எந்தப் பாகம் எப்படிப் பழுதாகும்?" என்று தொடங்குகிறது. மருத்துவக் கருவிகளின் ரிஸ்க் விதியான ஐ.எஸ்.ஓ. 14971 வேறு இடத்தில் தொடங்குகிறது: நோயாளிக்கு என்ன தீங்கு வரலாம், எந்தச் சூழலில் வரும்? கருவி எந்தப் பழுதும் இல்லாமல் ஓடும்போதும் தீங்கு வரலாம். இன்ஃப்யூஷன் பம்ப்பில் செவிலியர் 5.0 என்று அழுத்த நினைத்து 50 என்று அழுத்திவிட்டால் எந்தப் பாகமும் உடையவில்லை. மருந்து மட்டும் பத்து மடங்கு போகிறது. பாகங்களின் எஃப்.எம்.இ.ஏ. பட்டியலில் இந்த வரி தானாக வந்து விழாது. 14971-இல் வந்தே ஆக வேண்டும். இதை நேர்காணலிலோ சம்பளப் பேச்சிலோ இரண்டு நிமிடம் விளக்க முடிந்தால், "அனுபவம் இல்லை" என்ற பேச்சு தானாகவே தளர்ந்துவிடும்.

மென்பொருள் பக்கமும் அப்படித்தான். 26262-இல் ஏ முதல் டி வரை நிலையை முடிவு செய்வது தீங்கின் தீவிரம், எவ்வளவு நேரம் அந்தச் சூழலில் இருக்கிறோம், ஓட்டுநரால் சமாளிக்க முடியுமா என்ற மூன்றும் சேர்ந்து. 62304-இல் ஏ, பி, சி என்ற வகுப்புகள் முக்கியமாகத் தீங்கின் தீவிரத்தைப் பார்க்கின்றன. உயிரிழப்போ கடுமையான காயமோ நேரலாம் என்றால் சி.

இன்னொன்று, சாம்பிள் எண்ணிக்கை. வடிவமைப்பு குறித்தபடி இருக்கிறதா என்று சோதிக்கும் டிசைன் வெரிஃபிகேஷனில் "29 சாம்பிள், பூஜ்யம் தோல்வி" என்று அடிக்கடி பார்ப்பீர்கள். 95 சதவீத நம்பிக்கையோடு 90 சதவீத நம்பகத்தன்மையைக் காட்டத் தேவையான எண்ணிக்கை அது. நம்பகத்தன்மை 95 சதவீதம் வேண்டுமென்றால் 59, 99 சதவீதம் வேண்டுமென்றால் 299. ரிஸ்க் கூடக்கூட சாம்பிள் ஏன் ஏறுகிறது என்று சொல்லத் தெரிந்தவரைப் புதியவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கிரேடை உயர்த்த மறுத்தால், ஆறு மாத மறுமதிப்பீட்டைக் கேளுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்வார்த்தை போதாது. லெட்டரில் இப்படி வர வேண்டும்: சேர்ந்த ஆறாவது மாதம் கிரேடு மறுபரிசீலனை செய்யப்படும், அதற்கான அளவுகோல், ஒரு ரிஸ்க் ஃபைலைத் தனியாக மறுசீரமைத்து ஒப்புதல் பெறுவதும், ஒரு வெரிஃபிகேஷன் புரோட்டோகாலை எழுதி நடத்தி அறிக்கையில் கையெழுத்திடுவதும். அளவுகோல் எழுதப்படாத மறுமதிப்பீடு, அந்த மேனேஜர் வேறு துறைக்குப் போன அன்றே மறைந்துவிடும்.

கேள்வி: கதீட்டர் செய்யும் ஒரு ஸ்டார்ட்-அப்பில் சம்பளம் 95-தான், ஆனால் 20,000 ஸ்டாக் ஆப்ஷனும், அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி வந்ததும் 15 போனஸும் தருகிறார்கள். சேரலாமா?
– மெக்கானிக்கல் பொறியாளர், 6 வருட அனுபவம்

பதில்: சேரலாமா கூடாதா என்பதற்கு முன், கையில் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

ஆப்ஷன் என்பது முன்பே குறித்த விலைக்கு நிறுவனத்தின் பங்கை வாங்கும் உரிமை. 20,000 என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தமே இல்லை. மொத்தம் எத்தனை பங்குகள் என்று கேளுங்கள். எல்லா ஆப்ஷன்களையும், மாற்றத்தக்க முதலீடுகளையும் சேர்த்த முழு எண்ணிக்கை வேண்டும். அது 1 கோடி என்றால் உங்களுடையது 0.2 சதவீதம். 5 கோடி என்றால் 0.04 சதவீதம். இந்த எண்ணைச் சொல்ல மறுக்கிற நிறுவனத்தின் ஆப்ஷனுக்கு மனதில் பூஜ்யம் என்று விலை போட்டுக்கொண்டு, சம்பளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்.

அந்த 0.2-ம் அப்படியே நிற்காது. மருத்துவப் பரிசோதனை தேவைப்படும் கருவிக்குப் பணம் பல சுற்றுகளாகத் திரட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மொத்தப் பங்கில் 20 சதவீதம் புதிய முதலீட்டாளர்களுக்குப் போனால், இரண்டு சுற்றுக்குப் பிறகு உங்களுடையது 0.128 சதவீதம்.

விற்பனை விலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது (இந்தக் கணக்கில் மட்டும் எண்கள் சம்பள அளவில் அல்ல, கோடியில்). முதலீட்டாளர்கள் 50 போட்டு 60 சதவீதப் பங்கு வைத்திருக்கிறார்கள், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 60-க்கு விலைபோகிறது. பங்கு விகிதப்படி எடுத்தால் அவர்களுக்கு 36. முன்னுரிமைப்படி எடுத்தால் 50. எதை எடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மிச்சம் 10-தான் மற்ற 40 சதவீதக்காரர்களுக்கு. உங்கள் 0.2 சதவீதத்துக்கு 0.12 வரும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள், வருவது 0.05. அதிலும் ஆப்ஷன் விலையைக் கழிக்க வேண்டும். "முதலீட்டாளர்களின் முன்னுரிமைத் தொகை மொத்தம் எவ்வளவு?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மருத்துவக் கருவி ஸ்டார்ட்-அப்கள் பலவற்றின் இலக்கே பெரிய நிறுவனத்துக்கு விற்பதுதான், ஆகவே இந்தக் கேள்வியை அவர்களும் எதிர்பார்த்திருப்பார்கள்.

ஆப்ஷன் படிப்படியாக உங்களுக்குச் சொந்தமாகும் வெஸ்டிங் காலம் வழக்கமாக 4 வருடம், முதல் வருடம் முடிந்தால்தான் முதல் கால்பங்கு. இதில் மாற்றம் கேட்பது கடினம். கேட்டால் கிடைக்கக்கூடியது வேறொன்று: வேலையை விட்ட பிறகு ஆப்ஷனை வாங்குவதற்கான கால அவகாசம். பல ஒப்பந்தங்களில் அது 90 நாள்தான். மூன்று வருடம் உழைத்துச் சேர்த்த ஆப்ஷனை 90 நாளில் கைப்பணம் போட்டு வாங்கு, இல்லாவிட்டால் விடு என்பது சாதாரண ஆளுக்குக் கொடுமையான விதி. அதை நீட்டிக் கேளுங்கள். வரி விதிப்பு மாறுமா என்று ஒரு கணக்கரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

இனி அந்த 15 போனஸ். இதுதான் உங்கள் ஆஃபரின் மிகப் பலவீனமான வரி. ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு இணையானது என்று காட்டும் 510(கே) விண்ணப்பத்துக்கு எஃப்.டி.ஏ. வைத்திருக்கும் இலக்கு 90 நாள். ஆனால் அது அவர்கள் மேசையில் ஃபைல் இருக்கும் நாட்களின் கணக்கு. கூடுதல் விவரம் கேட்டு ஒரு கடிதம் வந்துவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். நிறுவனம் பதில் சொல்ல 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். உயிர் இணக்கச் சோதனை ஒன்றை மறுபடி செய்யச் சொன்னாலே பல வாரம் போய்விடும். வேலையில் ஒரு குறையும் வைக்காமல் நீங்கள் முடித்துக்கொடுத்த பிறகும், வேறொருவரின் சோதனை அறிக்கையால் உங்கள் போனஸ் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். புதுவகைக் கருவி என்று டி நோவோ வழிக்குப் போகச் சொன்னால் இலக்கே 150 நாள் ஆகிவிடும். அதிக ஆபத்துள்ள கருவிகளுக்கான பி.எம்.ஏ. வழி என்றால் அதற்கு முன்பே பெரிய மருத்துவப் பரிசோதனை காத்திருக்கிறது.

ஆகவே போனஸைப் பிரித்துக் கேளுங்கள்: டிசைன் ஃப்ரீஸ் (வடிவமைப்பு இறுதி) ஆனதும் 4, வெரிஃபிகேஷன் அறிக்கைகள் கையெழுத்தானதும் 4, விண்ணப்பம் அனுப்பப்பட்டதும் 4, அனுமதி வந்ததும் 3. முதல் மூன்றும் உங்கள் குழுவின் கையில் இருப்பவை. "டிசம்பர் 31-க்குள் அனுமதி வந்தால்" என்று தேதி போட்டிருந்தால் அந்தத் தேதியை எடுக்கச் சொல்லுங்கள். அனுமதி வரும் நாளில் நீங்கள் வேலையில் இருந்தாக வேண்டும் என்ற வரி இருந்தால், நிறுவனமே உங்களை வெளியேற்றினால் அது பொருந்தாது என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, கையிருப்புப் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று கேளுங்கள். 10 மாதம் என்று சொல்லி, விண்ணப்பமே 8 மாதம் கழித்துத்தான் என்றால், அனுமதி வருவதற்குள் பணம் தீர்ந்துவிடும். அந்த நிலையில் எங்கள் கருத்து: 95-க்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைந்தது இப்போது வாங்கும் 100-ஐயாவது கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரு பெரிய நிறுவனம் வழக்கத்தைவிட அதிகச் சம்பளம் தருகிறது. பழைய கருவிகளின் "ஃபைல் ரெமெடியேஷன்" வேலை என்கிறார்கள். இதில் ஏதாவது உள்குத்து இருக்குமா?
– குவாலிட்டி பொறியாளர், 4 வருட அனுபவம்

பதில்: உள்குத்து என்று சொல்ல மாட்டோம், ஆனால் அந்த அதிகச் சம்பளம் எதற்கு என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். ரெமெடியேஷன் என்றால், பல வருடமாகச் சந்தையில் விற்கும் கருவிக்கு டிசைன் ஆவணம், ரிஸ்க் ஃபைல், வேலிடேஷன் பதிவுகளைப் பின்னோக்கிப் போய்ச் சரிசெய்வது. பெரும்பாலும் ஆடிட்டில் மாட்டியதாலோ, புதிய விதி வந்ததாலோதான் இது நடக்கும்.

ஐரோப்பாவின் மருத்துவக் கருவி விதியான 2017/745, 2021 மே 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சான்றிதழோடு விற்கும் கருவிகளுக்கு, நிபந்தனைகளோடு, அவகாசம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது: ஆபத்து வகைப்பாட்டில் மூன்றாம் வகுப்புக்கும் உடலில் பொருத்தும் சில 2பி வகுப்புக் கருவிகளுக்கும் 2027 டிசம்பர் 31 வரை, மற்றவற்றுக்கு 2028 டிசம்பர் 31 வரை. அமெரிக்காவில் 2026 பிப்ரவரி 2 முதல் எஃப்.டி.ஏ.வின் தர விதி, மருத்துவக் கருவிகளின் தர அமைப்புக்கான ஐ.எஸ்.ஓ. 13485:2016-ஐத் தழுவிக்கொண்டிருக்கிறது. இந்தத் தேதிகளை ஒட்டி வரும் ஆஃபர்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு காலக்கெடு நின்றுகொண்டிருக்கும்.

நீங்களே சரிபார்க்கலாம். எஃப்.டி.ஏ.வின் எச்சரிக்கைக் கடிதங்கள், ரீகால் பட்டியல், மாட் எனப்படும் பாதகச் சம்பவத் தொகுப்பு மூன்றும் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஒரு மணி நேரம் படித்தாலே போதும். ரீகால் பட்டியலைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கருவிகளில் மூன்றாம் வகுப்புதான் அதிக ஆபத்து, ரீகாலில் முதல் வகுப்புதான் மிகக் கடுமையானது. வரிசை தலைகீழ். துறைக்குப் புதியவர்கள் இதில்தான் குழம்புவார்கள்.

எச்சரிக்கைக் கடிதம் இருப்பதாலேயே ஓடிவிட வேண்டாம். ரெமெடியேஷனில் இரண்டு வருடம் இருந்தவருக்குக் கிடைக்கும் படிப்பு வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. ஆனால் பேச்சில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். பிராஜெக்ட் முடிந்ததும் நீங்கள் போகப்போகும் பதவியின் பெயர் லெட்டரில் வர வேண்டும், இல்லாவிட்டால் ஃபைல் முடிந்த அன்று உங்கள் வேலையும் முடிந்துவிடலாம். வேலை முடியும்வரை இருப்பதற்கான ரிடென்ஷன் போனஸ் தனியாக வேண்டும். எத்தனை ஃபைல், எத்தனை பேர் என்ற கணக்கும் வேண்டும். நாற்பது ஃபைலுக்கு மூன்று பேர் என்றால் சனி ஞாயிறு உங்களுடையது அல்ல.

கேள்வி: சிறிய நிறுவனம். டிசைன் வேலையோடு ஐரோப்பிய விதிப்படி "ரெகுலேட்டரி இணக்கத்துக்குப் பொறுப்பான நபர்" என்றும் என் பெயரைப் போட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். இதற்குத் தனியாகப் பணம் கேட்கலாமா?

பதில்: கட்டாயம் கேட்க வேண்டும். பெயரை மட்டும் கடன் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2017/745-இன் 15-ஆம் பிரிவு இந்தப் பொறுப்பைச் சட்டப் பொறுப்பாக வைத்திருக்கிறது: கருவிகள் வெளியே போகும் முன் இணக்கம் சரிபார்க்கப்பட்டதா, தொழில்நுட்ப ஆவணம் புதுப்பிக்கப்படுகிறதா, விற்பனைக்குப் பிந்தைய கண்காணிப்பும் சம்பவ அறிக்கைகளும் நடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முதலில் உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். பொறியியல் போன்ற பட்டத்தோடு மருத்துவக் கருவிகளின் ரெகுலேட்டரி அல்லது தர அமைப்பு வேலையில் குறைந்தது ஒரு வருட அனுபவம், அல்லது பட்டம் இல்லாமல் நான்கு வருட அனுபவம். அது இல்லாமல் பெயரைப் போட்டால் ஆடிட்டில் நோட்டிஃபைடு பாடி (கருவிக்குச் சான்றளிக்கும் அமைப்பு) முதலில் கேட்பது உங்கள் சான்றிதழைத்தான்.

தனிப் படியோடு, நிர்வாகிகளுக்கான பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பெயரும் சேர வேண்டும். இணக்கம் இல்லாத லாட்டை நிறுத்தும் அதிகாரமும், தலைமை நிர்வாகியிடம் நேரடியாகச் சொல்லும் வழியும் எழுத்தில் வேண்டும். கடமையைச் சரியாகச் செய்ததற்காக இந்த நபருக்கு நிறுவனத்துக்குள் எந்தப் பாதகமும் வரக்கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அந்த வரியை ஒப்பந்தத்திலும் எடுத்து எழுதச் சொல்லுங்கள். நிறுத்தும் அதிகாரத்தைத் தர மறுத்துப் படியை மட்டும் கூட்டித் தந்தால், எங்கள் பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குறு, சிறு நிறுவனங்கள் வெளியிலிருந்து ஒருவரை அமர்த்திக்கொள்ள விதியே இடம் தருகிறது.

கேள்வி: ராஜினாமா கொடுத்ததும் இப்போதைய நிறுவனம் "நாங்களும் 125 தருகிறோம், இருந்துவிடு" என்கிறது.

பதில்: எதற்காகக் கிளம்பினீர்களோ அது பணம் மட்டும்தான் என்றால் யோசிக்கலாம். வேலையின் தன்மை, மேனேஜர், முடங்கிப்போன பிராஜெக்ட் என்று வேறு காரணம் இருந்தால் அது நாளைக்கும் அங்கேயே இருக்கும். புதிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டீர்கள் என்றால் வார்த்தையைக் காப்பாற்றுங்கள். இந்தத் துறை சிறியது. ஆடிட்டர்களும் ஆலோசகர்களும் எல்லா நிறுவனத்துக்கும் போய்வருகிறவர்கள்.

கேள்வி: பேஸ்மேக்கர் பொருத்தும்போது மருத்துவமனையில் உடனிருந்து உதவும் ஃபீல்டு பொறியாளர் வேலை. "50 சதவீதம் பயணம்" என்று போட்டிருக்கிறது. என்ன கேட்க வேண்டும்?
– உயிர்மருத்துவப் பொறியாளர், 2 வருட அனுபவம்

பதில்: சதவீதத்தை நாட்களாக மாற்றச் சொல்லுங்கள். மாதத்தில் எத்தனை இரவு வீட்டுக்கு வெளியே? எத்தனை மருத்துவமனைகள், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம்? ஆன்-கால் முறை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும்? நான்கு பேர் குழுவில் மாதம் ஒரு வாரம் வரும். இரண்டு பேர் குழுவில் பாதி வருடம் போன் தலைமாட்டிலேயே இருக்கும். ஆஃபர் நேரத்தில் காலியாக இருக்கும் இடங்களையும் குழுவோடு சேர்த்தே எண்ணிச் சொல்வார்கள். இன்று நிஜமாக வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்து, விடியும்வரை பேஸ்மேக்கரை அமைக்கும் புரோகிராமர் கருவியோடு நின்றுவிட்டுக் காலை எட்டு மணிக்கு இன்னொரு சிகிச்சைக்கு வண்டி ஓட்டிப் போவது ஆபத்து. ஆன்-கால் படி எவ்வளவு என்பதோடு, இரவு வேலைக்குப் பின் கட்டாய ஓய்வு எத்தனை மணி நேரம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பணத்தைவிட இதைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்வோம்.

எக்ஸ்ரே ஓடும் அறையில் நிற்பீர்கள் என்பதால், உங்கள் அளவுக்குத் தைத்த ஈய ஏப்ரனும் தைராய்டு காப்பும் நிறுவனச் செலவில் வர வேண்டும். கதிர்வீச்சு அளவி பேட்ஜும், அதன் அளவுகளைப் பார்க்கும் உரிமையும் வேண்டும். பெரிய ஏப்ரனை வருடக்கணக்கில் சுமந்தால் முதுகு போய்விடும். பாவாடை, மேற்சட்டை என்று இரண்டாகப் பிரிந்த ஏப்ரனாகக் கேட்டால் எடை இடுப்பில் கொஞ்சம் இறங்கும். மருத்துவமனைக்குள் நுழையத் தேவையான தடுப்பூசி, பயிற்சி, பதிவு இவற்றுக்கு ஆகும் நேரமும் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும்.

கேள்வி: என் திறமையைக் காட்டப் பழைய நிறுவனத்தில் நான் எழுதிய ரிஸ்க் ஃபைலைக் காட்டலாமா? பேசுவதற்கு வலு சேருமே.

பதில்: கூடவே கூடாது. பெயரை அழித்துவிட்டுக் காட்டினாலும் தவறுதான். பொறுப்பான மேனேஜர் அதைப் பார்த்த நொடியே "நாளைக்கு நம்முடையதையும் இப்படித்தான் காட்டுவார்" என்று நினைப்பார். வெளியான காப்புரிமை, பொதுவில் இருக்கும் 510(கே) சுருக்கம், நீங்கள் சொந்தமாகத் தயாரித்த கற்பனைக் கருவியின் ரிஸ்க் அட்டவணை இவற்றைக் காட்டலாம்.

இதோடு ஒட்டிய ஒன்று: ஒப்பந்தத்தில் "முந்தைய கண்டுபிடிப்புகள்" என்று ஒரு காலி இடம் இருக்கும். பலர் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டில் சொந்த நேரத்தில் எழுதிய மென்பொருளோ, செய்த கருவியோ இருந்தால் தலைப்பையும் தேதியையும் மட்டும் அங்கே எழுதுங்கள்; உள்விவரம் எழுத வேண்டாம். எழுதாமல் விட்டால், பிறகு அது யாருடையது என்ற சண்டையில் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

கேள்வி: ஜாயினிங் போனஸ் 10 தருகிறார்கள். இரண்டு வருடத்துக்குள் போனால் முழுவதையும் திருப்பித் தர வேண்டுமாம். கையெழுத்திடலாமா?

பதில்: அப்படியே வேண்டாம். 23-ஆம் மாதம் போனாலும் முழு 10-ஐயும் கேட்பது நியாயமில்லை. மாதத்துக்கு 24-இல் ஒரு பங்கு வீதம் குறைந்துகொண்டே வரும்படி மாற்றச் சொல்லுங்கள். காலத்தையே 12 மாதமாகக் குறைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், கேட்டவர்களுக்குக் கிடைப்பதுண்டு.

வரியையும் கவனியுங்கள். 10-இல் வரி போகக் கைக்கு 7 வந்திருக்கலாம். திருப்பும்போது 10 கேட்பார்கள். போன 3-ஐ வரித்துறையிடமிருந்து மீட்பது உங்கள் பாடு. "வரி போகக் கைக்கு வந்த தொகையை மட்டும்" என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

இன்னொரு வரி, இந்தத் துறையில் கண்டிப்பாக வேண்டும். மருத்துவப் பரிசோதனை முடிவு சரியில்லை என்றாலோ, நிறுவனம் கைமாறினாலோ ஒரு பிராஜெக்ட்டை ஒரே வாரத்தில் மூடிவிடுவது இங்கே சகஜம். அதனால் திருப்பித் தரும் விதியின் கீழே இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "பிராஜெக்ட் நிறுத்தம், ஆட்குறைப்பு, நிறுவனக் கைமாற்றம் ஆகிய காரணங்களால் நிறுவனம் பணியை முடித்தாலோ, பணியிடத்தை வேறு ஊருக்கு மாற்றியதால் பணியாளர் விலகினாலோ, தொகை எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை."